நோயின் பெயரை எங்கே சொல்வது? – மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஆசிரியப் பணியும்

(பலெர்மோ வாழ் தமிழ்ப் பெற்றோர், இளையோர் மத்தியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பலெர்மோ நகரில் வீட்டுப் பணிகளிலும் முதியோரைப் பராமரிக்கும் பணிகளிலும் ஈடுபட்டுள்ள தமிழர்களுக்குச் 'சென்தோகுவாத்ரோ' என்னும் சொல்லை விளக்கத் தேவையில்லை. நூற்று நான்கு என்பது அதன் பொருள். உடல் இயலாமை உடையோரின் உரிமைகளைக் கூறும் 1992ஆம் ஆண்டின் 104ஆம் இலக்கச் சட்டத்தை இத்தாலியர் அவ்வாறே அழைக்கின்றனர். தாம் பணிபுரியும் வீட்டு மூதாட்டிக்கு 'அக்கொம்பஞ்ஞமெந்தோ' உதவித்தொகை எப்போது வரும், எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் தமிழ்த் தாய்மார் பலருக்கு மனப்பாடம். ஆனால் அதே தாயின் சொந்த மகளுக்கு நரம்பு நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அந்தச் சட்டம் திடீரென அந்நியமாகிவிடுகிறது. மகளின் பெயரை அந்தத் தாளில் எழுதக் கை வருவதில்லை.

இன்றைய உரையின் பொருள் இதுவே. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் உள்ள ஓர் இளைஞரோ யுவதியோ ஆசிரியராக வர விரும்பினால், அதற்கு இங்கே வழி உண்டா? வழி உண்டு. அந்த வழியை அடைப்பது பெரும்பாலும் நோய் அன்று. நோயை எல்லோரிடமிருந்தும் எல்லா இடத்திலும் மறைக்கும் பழக்கமே.

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள். இத்தாலிய மருத்துவர்கள் இதனை 'ஸ்க்ளெரோசி முல்திப்ளா' என்பர். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவோரும் உளர். 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ இதனைத் தனியொரு நோயாக விளக்கினார். மின்கம்பியின் மேல் காப்புறை இருப்பதைப் போல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் உறை உள்ளது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே இந்த உறையைத் தாக்குகிறது. உறையுள்ள தடித்த நரம்பிழையில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரையிலும் அதற்கு மேலும் ஓடக்கூடியது. உறை சிதைந்த இடத்தில் அது தயங்குகிறது, சிலவேளை நின்றும் விடுகிறது. எந்த இடத்தில் உறை சிதைகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், வேறொருவருக்கு நடை தள்ளாடும்.

பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் இது தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரு மடங்குக்கும் மேலாகப் பாதிக்கிறது. நோயாளரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு, திடீரெனத் தாக்கிப் பின்னர் தணியும் வடிவத்திலேயே தொடங்குகிறது. அதாவது, பல்கலைக்கழகம் செல்லும் வயதில், தொழில் தேடும் வயதில், திருமணப் பேச்சு எழும் வயதில் வரும் நோய் இது. வெளியே தெரியாத களைப்பு இதன் முக்கிய அறிகுறி. வீட்டில் அதனைச் சோம்பல் என்பர். நாவூறு பட்டுவிட்டது என்பாரும் உண்டு. மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைப்பதில் தவறேதும் இல்லை. பலெர்மோத் தமிழரில் சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே ஏறும் மலை அது. ஆயினும் ஒரு கண்ணில் பார்வை சில நாட்களாக மங்கி, கண்ணை அசைக்கும்போது வலித்தால், நரம்பியல் மருத்துவரையும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையையும் நாடுவதைத் தள்ளிப்போடலாகாது.

"எங்கள் பரம்பரையில் இப்படியொரு நோய் இல்லையே" என்பது பெற்றோர் பலரும் சொல்வது. அது உண்மையாகவே இருக்கலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் இந்நோய் ஐரோப்பாவைவிட மிகக் குறைவு. ஆனால் பெற்றோரின் ஊரை வைத்துப் பிள்ளைகளைக் கணிக்க முடியாது என்பதை 1990ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. எலியன், நைட்டிங்கேல், ஜெஃப்ரி டீன் ஆகிய மூவரும், இந்தியத் துணைக்கண்டம், ஆபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து குடியேறியோருக்குப் பிரித்தானியாவில் பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்தனர். பெற்றோரிடம் அரிதாக இருந்த நோய், பிள்ளைகளிடம் அந்நாட்டவருக்கு நெருங்கிய அளவிலேயே காணப்பட்டது.

இதே ஜெஃப்ரி டீன் அதற்கு முன்பு சிசிலியிலும் ஆய்வு செய்தவர். இது குளிர்நாட்டு நோய், தெற்கே குறைவு என்ற எண்ணமே அக்காலத்தில் நிலவியது. தீவின் நடுவே உள்ள என்னா நகரில் 1970களில் அவர் குழுவினர் கணக்கெடுத்தபோது, அருகிலுள்ள மால்டாவைவிட இங்கே பன்மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பின்னர் 1980களில் பலெர்மோவை அடுத்த மொன்ரேயாலேயிலும் ஆய்வு நடந்தது. ஆகவே சிசிலியில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளை, இந்நோய் அரிதாக உள்ள நிலத்திலிருந்து வந்து, அரிதல்லாத நிலத்தில் வாழ்கிறது. இது அச்சமூட்டச் சொல்வதன்று. இத்தாலி முழுவதிலும் நோயாளர் தொகை 1 இலட்சத்து 40 ஆயிரம் அளவில்தான். ஆனால் 'எம்மவருக்கு வராது' என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இனி, ஆசிரியர் கனவு. நோய் உறுதியானதும் குடும்பத்தினர் கூறும் முதல் அறிவுரை, "படிப்பிக்கும் வேலை வேண்டாம், வீட்டிலிருந்தே கணினியில் ஏதாவது செய்" என்பதாகும். அன்பினால் சொல்வதுதான். ஆனால் கணினித் துறையை அறிந்த எவரும் இதைக் கேட்டுச் சிரிப்பர். நள்ளிரவு அழைப்பும், தவணை நெருங்கும்போது தூக்கமற்ற வாரமும், ஓயாமல் திரையைப் பார்க்கும் கண்ணும் களைப்பு நோய்க்கு ஏற்ற மருந்தல்ல.

ஆசிரியப் பணியின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். இத்தாலிய அரச பாடசாலையில் இடைநிலை ஆசிரியரின் வகுப்பு நேரம் வாரத்துக்கு 18 மணி. ஆரம்பப் பாடசாலையில் 22 மணியும், திட்டமிடலுக்கு 2 மணியும். திருத்தும் வேலையும் கூட்டங்களும் இதற்கு வெளியே உண்டு; ஆனால் அவற்றுள் ஒரு பகுதியை அமர்ந்தபடி, தன் வசதிப்படி, இடையிடையே ஓய்வெடுத்துச் செய்யலாம். இன்னொன்று வெப்பம். உடல் சூடேறும்போது இந்நோயின் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். 1890இல் இதனை விவரித்த ஊட்தோஃப் என்னும் ஜெர்மன் மருத்துவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. உறை சிதைந்த நரம்பு சூட்டைத் தாங்காது என்பதே காரணம். உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பும். ஷிரோக்கோக் காற்று வீசும் பலெர்மோக் கோடையில் இது பெருஞ்சோதனை. ஆனால் ஜூலையும் ஆகஸ்டும் பாடசாலைக்கு விடுமுறை! இந்த ஊரில் இந்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான ஆண்டு நாட்காட்டி கொண்ட தொழில் அரிது.

துன்பம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஜூன் மாத வகுப்பறையும் செப்டம்பர் தொடக்கமும் புழுக்கமானவை. மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்கள் பல. நிரந்தர நியமனத்துக்கு முன் 'சுப்ளென்சா' எனப்படும் தற்காலிகப் பணியில் பல ஆண்டுகள் கழியலாம். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய பாடசாலை, புதிய பேருந்து, சிலவேளை மதோனியே மலைப்பகுதியில் ஏதோ ஒரு ஊர். நடை தளர்ந்த ஒருவருக்கு வகுப்பறையைவிட அந்தப் பயணமே கடினம்.

இந்நோயோடு கற்பித்தவர்களுள் உலகறிந்த ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அவர் பெயர் பார்பரா ஜோர்டன். 1936இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் போதகர், பண்டகசாலை ஒன்றில் எழுத்தராகவும் உழைத்தவர். 1972இல் அமெரிக்கக் கொங்கிரசுக்குத் தெரிவானார். 1974 ஜூலையில் அதிபர் நிக்சன் மீதான குற்றவிசாரணைக் குழுவில் அவர் ஆற்றிய உரை நாடு முழுவதும் ஒளிபரப்பானது. இந்நோய் தமக்கு இருப்பதை அவர் அறிந்தது 1973இல். நாடே தலைவராகக் கொண்டாடிய நேரத்தில், 1979இல், கொங்கிரசை விட்டு விலகி, ஒஸ்ரின் நகரில் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பொதுநிர்வாகக் கல்லூரியில் ஆசிரியரானார். அவர் கல்லூரி செல்லும் வயதை அடைந்த காலத்தில் கறுப்பின இளையோரைப் பட்டப்படிப்பில் சேர்க்காத பல்கலைக்கழகம் அது. அதே இடத்தில் அரசியல் அறவியலைக் கற்பித்தார். ஊன்றுகோல், பின்னர் நடைச்சட்டம், பின்னர் சக்கர நாற்காலி என்று துணைகள் மாறின, வகுப்பு மாறவில்லை. 1996 ஜனவரியில் இறக்கும் வரை, 17 ஆண்டுகள் அவர் ஆசிரியர். பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தையும் விடாமல் சென்று பார்ப்பாராம்! 1992இல் தம் கட்சி மாநாட்டில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே முதன்மை உரை ஆற்றினார்.

இந்த ஆண்டுக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நோயின் போக்கையே மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரோன் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல்தான். ஆகவே அவர் கற்பித்த 17 ஆண்டுகளில் முதல் 14 ஆண்டுகளில் அத்தகைய மருந்து எதுவுமே உலகில் இருக்கவில்லை. இன்று அவ்வகை மருந்துகள் பத்துக்கும் மேல் உள்ளன. தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவோரின் எதிர்காலம் அன்றைய நோயாளரின் எதிர்காலத்தோடு ஒப்பிடக்கூடியதன்று. இத்தாலியில் இந்நோய்க்கு 046 என்னும் கட்டண விலக்கு இலக்கம் உண்டு. அந்த இலக்கம் பதிவானால் நோய் தொடர்பான பரிசோதனைகளுக்குத் திக்கெட் கட்டத் தேவையில்லை.

பார்பரா ஜோர்டன் தம் நோயின் பெயரை நீண்ட காலம் பொதுவெளியில் சொல்லவில்லை. "பார்த்தீர்களா, அவரும் மறைத்தார்" என்று பெற்றோர் கூறலாம். ஆனால் அவர் செய்தது வேறு. செய்தியாளருக்குப் பெயரைச் சொல்லவில்லை. தேவையான துணைகளை மாணவர் கண்முன்னே பயன்படுத்தினார். எம்மவர் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. உறவினர் கண்ணில் பட்டுவிடும் என்று பிள்ளையின் கையில் ஊன்றுகோலைக் கொடுப்பதில்லை. அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று விண்ணப்பம் கொடுப்பதில்லை. மேலும் அவர் கொங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். அவரது பெயரே அவருக்குக் கதவுகளைத் திறந்தது. பல்லாரோச் சந்தைக்கு அருகே வாடகை வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்குக் கதவைத் திறக்கக்கூடியது அந்தத் தாள் ஒன்றே.

அந்தத் தாள் என்ன தரும்? பல்கலைக்கழகத்தில் தொடங்குவோம். 1999ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இயலாமை உடைய மாணவர்களுக்குப் பொறுப்பான பேராசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். பலெர்மோப் பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், உதவியாளர் ஆகியவற்றைக் கேட்கலாம். இயலாமை 66 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிடப்பட்டால் பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை. ஆரம்பப் பாடசாலை ஆசிரியராவதற்குரிய ஐந்தாண்டுப் பட்டப்படிப்பை முடிக்க எண்ணும் பிள்ளைக்கு இது சிறிய தொகையன்று.

ஆசிரியர் நியமனத்துக்கான 'கொன்கோர்சோ' போட்டித் தேர்விலும் 104ஆம் சட்டம் கூடுதல் நேரத்தையும் உதவிக் கருவிகளையும் அளிக்கிறது. தேர்வில் வென்றபின், இயலாமை மூன்றில் இரு பங்குக்கு மேல் இருப்பின், காலியாக உள்ள பாடசாலைகளுள் ஒன்றை முன்னுரிமையுடன் தெரிவுசெய்யலாம். மலையூர்ப் பேருந்துக்கு விடை இங்கேதான் உள்ளது. பணியில் சேர்ந்தபின், கடுமையான இயலாமை என்று ஏற்கப்பட்டவருக்கு மாதம் 3 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. வளர்ந்து செல்லும் கடுமையான நாட்பட்ட நோயால் வேலைத்திறன் குறைந்தவர், முழுநேரப் பணியைப் பகுதிநேரமாக்கக் கேட்டால் மறுக்கலாகாது என்று 2015ஆம் ஆண்டின் 81ஆம் இலக்க ஆணை கூறுகிறது. 45 விழுக்காட்டுக்கு மேல் இயலாமை உடையவர் 1999ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஒதுக்கீட்டுப் பட்டியலில் பதியலாம். நோயின் தொடக்கத்தில், நடை நன்றாக இருக்கும்போது, பலருக்கு இந்த அளவுகள் கிடைப்பதில்லை. அதையும் அறிந்தே விண்ணப்பிக்க வேண்டும். நிலை மாறினால் மறுமதிப்பீடு கேட்கலாம்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இவை உரியனவா என்ற ஐயம் எழும். 104ஆம் சட்டம் இங்கே வதியும் வெளிநாட்டவருக்கும் பொருந்தும் என்று அதன் 3ஆம் பிரிவே கூறுகிறது. ஆசிரியர் பதவிக்கு மட்டும் குடியுரிமைக் கேள்வி தனியாக உண்டு. இத்தாலியில் பிறந்து இடைவிடாது சட்டப்படி வாழ்ந்த பிள்ளை, 18 வயது நிறைந்தபின் 19ஆவது பிறந்தநாளுக்கு முன் நகரசபையில் அறிவித்தால் குடியுரிமை பெறும். இந்த ஓராண்டைத் தவறவிட்டுப் பின்னர் வருந்தும் குடும்பங்கள் உண்டு. குடியுரிமை இல்லாதவருக்கும் 2013ஆம் ஆண்டின் 97ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி திறந்தது: நீண்டகால ஐரோப்பிய வதிவிட அனுமதி பெற்றவரும், அகதி அந்தஸ்து பெற்றவரும் அரச பணித் தேர்வுகளில் பங்குபற்றலாம்.

தாளுக்கான முதற்படி, குடும்ப மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ இணைய வழியாக இன்ப்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பும் மருத்துவச் சான்றிதழ். 2024ஆம் ஆண்டின் 62ஆம் இலக்க ஆணை மதிப்பீட்டு முறையைப் படிப்படியாக மாற்றிவருகிறது. ஆதலால் அடுத்த படிகளை அருகிலுள்ள பத்ரொனாத்தோ அலுவலகத்தில் கேட்டறிவதே பாதுகாப்பானது. 1968இல் தொடங்கப்பட்ட இத்தாலிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமும் இவ்விடயத்தில் வழிகாட்டுகிறது. நோபல் பரிசு பெற்ற ரீத்தா லேவி மொந்தால்சினி அம்மையார் கௌரவத் தலைவராக இருந்த சங்கம் அது.

பெற்றோர் அறியாத ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் நோயின் பெயரும் விவரமும் இருக்கும். மற்றதில் அவை நீக்கப்பட்டு, 'ஒமிஸ்ஸிஸ்' என்ற சொல் மட்டும் இருக்கும். பாடசாலை அலுவலகத்துக்கு இரண்டாவது வடிவத்தைக் கொடுக்கலாம். எழுத்தர் அறிவது விழுக்காட்டையும் உரிமையையும் மட்டுமே. பக்கத்து வீட்டாருக்கோ, கோவில் திருவிழாவில் சந்திப்போருக்கோ இதிலிருந்து எதுவும் செல்வதில்லை. நோயின் பெயரை ஊருக்குச் சொல்வது பிள்ளையின் விருப்பம். பத்திரத்தில் பதிவது பிள்ளையின் தேவை. இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணியே பலர் இரண்டையும் கைவிடுகின்றனர்.

மறைப்பதன் உண்மையான காரணம் திருமணம் என்பதை இங்குள்ள எவரும் மறுக்கப்போவதில்லை. குழந்தை பெறலாமா, குழந்தைக்கும் வருமா என்பவையே கேள்விகள். இந்நோய் உள்ளவரின் பிள்ளைகளுள் 100 பேரில் ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கே இது வருகிறது. 254 பெண்களைப் பின்தொடர்ந்து 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் நோயின் தாக்கங்கள் குறைவதையும், பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் அவை கூடுவதையும் காட்டியது. ஆகவே தாய்மைக்குத் தடையில்லை; மருந்தை மருத்துவருடன் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். சம்பந்தம் பேசும்போது மணமகனிடமிருந்து இதை மறைப்பது மட்டும் முறையன்று. மாதம் தவறாது மருத்துவமனைக்குச் செல்லும் வாழ்க்கையை ஒரே வீட்டில் எத்தனை நாள் ஒளிக்க முடியும்?

இளையோருக்கு ஒரு சொல். தன்னால் எவ்வளவு நேரம் நின்று பேச முடியும், எந்த வேளையில் களைப்பு வருகிறது, கரும்பலகையில் எழுதக் கை ஒத்துழைக்கிறதா என்பதைப் பட்டம் பெறும் வரை காத்திருந்து அறிய வேண்டியதில்லை. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் தொண்டாசிரியர் இன்றித் தவிக்கின்றன. சிறுவர் வகுப்பொன்றை ஓராண்டு எடுத்துப் பாருங்கள். அமர்ந்தபடி கற்பிக்கும் முறை, காலை வகுப்பைக் கேட்டுப் பெறும் முறை, குரலைச் சேமிக்கும் முறை எல்லாம் அங்கேயே பழகிவிடும். 1977ஆம் ஆண்டின் 517ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் இத்தாலியில் இயலாமை உடைய பிள்ளைகள் பொது வகுப்பிலேயே கற்கின்றனர். சக்கர நாற்காலியில் உள்ள தோழனோடு படித்த சிறுவர், சக்கர நாற்காலியில் வரும் ஆசிரியரைக் கண்டு திகைக்கமாட்டார்கள். திகைப்பவர்கள் வாசலில் காத்திருக்கும் பெற்றோரே.

தமிழ்ப் பாடசாலை நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைக்கு மண்டபம் தேடும்போது விலையையும் சமையலறையையும் பார்ப்பதைப் போல, வாசலில் எத்தனை படிகள் என்பதையும் எண்ணுங்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறையாவது வகுப்புக்கு ஒதுக்குங்கள். அந்த அறையில் ஒரு மின்விசிறியும், ஆசிரியருக்குக் கைப்பிடியுள்ள ஒரு நாற்காலியும் இருக்கட்டும்.

பத்ரொனாத்தோவுக்குச் செல்ல விரும்புவோர், மொழிபெயர்ப்புக்கு உதவி தேவைப்பட்டால், கூட்டம் முடிந்தபின் தொண்டர்களிடம் தனியாகப் பேசலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.